நீட் மாதிரித் தேர்வு: மாணவர்களும் பெற்றோரும் என்னிடம் கேட்கும் கேள்விகள்

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில் முடியும். நீட் பெரும்பாலும் மே முதல் ஞாயிற்றுக்கிழமை வரும். இடையில் கிடைக்கும் ஐந்தாறு வாரங்களில் பள்ளியிலேயே முழுநீள மாதிரித் தேர்வுகள் நடத்துகிறோம். ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளும் அவர்களின் அப்பா அம்மாவும் ஏறத்தாழ இதே கேள்விகளோடுதான் வருகிறார்கள். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பாடமே முடியவில்லை. இப்போது மாதிரித் தேர்வு எழுதி என்ன பயன்?

எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்த யாரும் எல்லாப் பாடத்தையும் முடித்து நான் பார்த்ததில்லை. பதினொன்றாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு இரண்டும் சேர்ந்த பாடத்திட்டம் அது. முதல் தேர்வில் பாதிக் கேள்விகள் படிக்காத பாடத்திலிருந்து வந்தாலும் பரவாயில்லை, உட்காருங்கள். மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து 180 கேள்விகளைப் பார்ப்பதற்கு உடம்பு பழக வேண்டும். பொதுத்தேர்வில் யோசித்து யோசித்து எழுதிப் பழகிய கைக்கு இது முற்றிலும் வேறு வேலை.

தேர்வின் அமைப்பை ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள், சார்.

இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90, ஆக 180 கேள்விகள். இத்தனையில் இத்தனை எழுதினால் போதும் என்ற சாய்ஸ் இதில் கிடையாது. சரியான விடைக்கு 4 மதிப்பெண் கூடும், தவறான விடைக்கு 1 குறையும், விட்டுவிட்டால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மொத்தம் 720. நேரம் மதியம் 2 மணி முதல் 5 மணி வரை.

அண்ணன் அக்காவின் பழைய வினாத்தாளை வைத்துப் பயிற்சி செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 முதல் 2024 வரை 200 கேள்விகள் கொடுத்து 180க்கு மட்டும் விடையளிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு பாடத்திலும் பிரிவு 'ஆ'வில் 15 கேள்விகளில் 10 எழுதினால் போதும். 2025ல் அந்தச் சலுகை போய்விட்டது. அந்தப் பழைய தாள்களை அப்படியே எழுதினால் உங்கள் மதிப்பெண் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அதை நம்பிவிடக் கூடாது.

காலையில் வைத்தால் பிள்ளைகள் தெம்பாக எழுதுவார்களே, ஏன் மதியம் 2 மணிக்கு வைக்கிறீர்கள்?

அந்தத் தெம்பு மே மாதத் தேர்வு நாளில் இருக்காது, அதனால்தான். சித்திரை வெயில், சாப்பிட்ட மயக்கம், கதவு மூடும் 1.30க்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்த களைப்பு, இத்தனைக்கும் பிறகுதான் வினாத்தாளைத் திறக்கப் போகிறார்கள். நாங்கள் முதல் ஆண்டு காலை 9.30க்கு வைத்தோம். நன்றாக எழுதினார்கள், எங்களுக்கும் மகிழ்ச்சி. நிஜத் தேர்வு முடிந்து வந்த பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னது, "சார், நாலு மணிக்கு மேல கண்ணே சொருகிருச்சு" என்பதுதான். அந்தத் தவறு என்னுடையது. அடுத்த ஆண்டிலிருந்து மதியம்தான்.

தேர்வு நாளில் என்ன சாப்பிடப் போகிறார்களோ அதையே மாதிரித் தேர்வு நாளிலும் சாப்பிடச் சொல்கிறேன். தயிர்சாதம் ஒத்துக்கொள்ளுமா, இட்லி போதுமா என்பதை மே மாதம் பரிசோதித்துப் பார்க்கக் கூடாது. கழிப்பறைக்குப் போகும் பழக்கமும் இதில் சேர்த்திதான். பெண் பிள்ளைகள் பலர் தண்ணீரே குடிக்காமல் வந்து தலைவலியோடு எழுதுகிறார்கள். வேண்டாம் கண்ணு, குடித்துவிட்டு வா, போய்விட்டு வந்து உட்கார்.

கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளலாமா?

இல்லை. நிஜத் தேர்வில் கடிகாரத்துக்கு அனுமதி கிடையாது, இங்கேயும் கிடையாது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பழகுங்கள். முழுக்கைச் சட்டையும் ஷூவும் வேண்டாம். சாதாரண செருப்பு போதும்.

ஓ.எம்.ஆர். ஷீட்டில் (கணினி திருத்தும் விடைத்தாளில்) வட்டத்தை நிரப்புவதற்கு என்ன பயிற்சி வேண்டிக் கிடக்கிறது?

இந்தக் கேள்வி கேட்காத ஆண்டே இல்லை. எனக்கு அதிகம் வயிறு கலங்குவதும் இந்த விஷயத்தில்தான்.

நன்றாகப் படிக்கும் பையன் ஒருவன். 47வது கேள்வி தெரியவில்லை என்று விட்டுவிட்டான். ஆனால் 48க்கான விடையை 47க்கு நேரே நிரப்பிவிட்டான். அப்படியே ஒன்று தள்ளித் தள்ளி 63 வரை போயிருக்கிறது. கடைசியில் தெரிந்தபோது கை நடுங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். பேனாவால் நிரப்பியதை அழிக்க முடியாது. நல்லவேளை, அது மாதிரித் தேர்வு.

அதன் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட பழக்கங்களைச் சொல்கிறேன். விடையை முதலில் வினாத்தாளிலேயே சுழித்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்துக் கேள்விகளை மட்டும் ஓ.எம்.ஆரில் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது மனதுக்குள் "நாற்பத்தேழு, மூணு" என்று எண்ணையும் விடையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பத்தாவது கேள்வியிலும் நின்று, வரிசை சரியாக இருக்கிறதா என்று ஒரு பார்வை. எல்லாவற்றையும் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் மொத்தமாக ஏற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு வட்டத்துக்கு மூன்று நான்கு விநாடி என்றாலும் 180 வட்டத்துக்குப் பத்து நிமிடம் ஓடிவிடும், அதுவும் கை நடுங்காமல் இருந்தால்.

பேனாவும் முக்கியம். நிஜத் தேர்வில் பால்பாயின்ட் பேனாவை மையத்திலேயே கொடுப்பார்கள். உங்களுக்குப் பிடித்த ஜெல் பேனா அங்கே வராது. அதனால் மாதிரித் தேர்வில் நாங்களும் சாதாரணப் பேனாவைத்தான் கையில் கொடுக்கிறோம். வினாத்தாள் குறியீடும் ஓ.எம்.ஆரில் உள்ள குறியீடும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே எழுதத் தொடங்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்பது வினாத்தாளில் மட்டும். ஓ.எம்.ஆரில் ஒரு புள்ளிகூட வேண்டாதது விழக் கூடாது.

எந்தப் பாடத்தை முதலில் எழுதுவது?

எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு உயிரியல், வேதியியல், இயற்பியல் என்ற வரிசை ஒத்துவருகிறது. உயிரியலின் 90 கேள்விகளை 50 நிமிடத்தில் முடித்தால் மனதில் ஒரு தெம்பு வரும். வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 60, மீதி 20 நிமிடம் விட்டதைப் பார்க்கவும் சரிபார்க்கவும். இயற்பியல் ஆசிரியர் நானே என் பாடத்தைக் கடைசியில் வைக்கச் சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கில் மாட்டிக்கொண்டு நேரம் போனால், தெரிந்த உயிரியல் கேள்வியைப் படிக்காமலே விட வேண்டி வரும்.

ஆனால் இது வேதவாக்கு இல்லை. மூன்று மாதிரித் தேர்வுகளில் மூன்று வரிசையில் எழுதிப் பாருங்கள். உங்களுக்கு எது கூடுதல் மதிப்பெண் தருகிறது என்று பார்த்து நான்காவது தேர்விலிருந்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாக ஒன்றை நிரப்பலாமா? நெகட்டிவ் மார்க் இருக்கிறதே.

"தெரியாததைத் தொடாதே" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு மாற்றிக்கொண்டேன்.

ஐந்து கேள்விகளில் ஒன்று சரி, நான்கு தவறு என்றால் நான்கு கூடி நான்கு குறையும், பூஜ்யம். அதாவது ஐந்தில் ஒன்றுக்கு மேல் சரியாகும் என்றால் நிரப்புவது லாபம், அதற்குக் கீழே போனால் நஷ்டம். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரியாக நான்கில் ஒன்று சரியாகும். அது மிகச் சின்ன லாபம், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் நஷ்டம். இரண்டு விடைகளை நிச்சயமாக ஒதுக்கிவிட முடிந்தால் சராசரியாகப் பாதி சரியாகும். அப்போது விடாமல் நிரப்ப வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், அரைகுறையாகத் தெரிந்த கேள்வியில்தான். கேள்வி தயாரிப்பவர்கள் தவறான விடைகளைச் சும்மா எழுதுவதில்லை. பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள் என்று தெரிந்து அங்கேயே வைக்கிறார்கள். "எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கு" என்று தொடும் விடை, கண்ணை மூடித் தொடுவதைவிட மோசமாகப் போவதுண்டு.

அதனால் மாதிரித் தேர்வில் ஒரு வேலை செய்யச் சொல்கிறேன். வினாத்தாளில் ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள். உறுதி என்றால் டிக், சந்தேகம் என்றால் ஒரு கோடு, ஊகம் என்றால் நட்சத்திரம். திருத்திய பிறகு ஒவ்வொரு குறிக்கும் தனித்தனியாக மதிப்பெண் கூட்டுங்கள். ஒரு மாணவிக்குக் கோடு போட்ட 40 கேள்விகளில் 22 சரி. 88லிருந்து 18 கழித்தால் 70 மதிப்பெண் லாபம். அவளிடம் "சந்தேகம் என்றாலும் நிரப்பு, உன் உள்மனம் சரியாகச் சொல்கிறது" என்றேன். அதே வகுப்பில் ஒரு பையனுக்குக் கோடு போட்ட 40ல் 6 மட்டுமே சரி. 24லிருந்து 34 போய் 10 நஷ்டம். அவனிடம் "கோடு போட்டதை விட்டுவிடு, டிக் போட்டதை மட்டும் நிரப்பு" என்றேன். இருவருக்கும் ஒரே அறிவுரை சொல்லியிருந்தால் ஒருவருக்கு அநியாயம் செய்திருப்பேன். இதைத் தெரிந்துகொள்ள மாதிரித் தேர்வைத் தவிர வேறு வழியே இல்லை.

எழுதிய பிறகு என்ன செய்ய வேண்டும்?

இதைத்தான் யாரும் செய்வதில்லை. மார்க்கைக் கேட்டதும் வினாத்தாள் பையின் அடிக்குப் போய்விடுகிறது. எழுத மூன்று மணி நேரம் ஆனால், மறுநாள் பிழைகளைப் பார்க்கவும் மூன்று மணி நேரம் வேண்டும். எங்கள் பள்ளியில் அந்த மறுநாளையும் தேர்வு அட்டவணையிலேயே போட்டுவிடுகிறோம்.

ஒரு நோட்டில் நான்கு பத்திகள். பாடமே படிக்காததால் வந்த தவறு, படித்து மறந்த தவறு, கேள்வியைச் சரியாகப் படிக்காத தவறு, கணக்கிலோ ஓ.எம்.ஆரிலோ கை வழுக்கிய தவறு. ஒவ்வொரு தவறும் எந்தப் பத்தி என்று எழுத வேண்டும். மூன்றாவது பத்தி எப்போதும் எதிர்பார்த்ததைவிட நீளமாக இருக்கும். "கீழ்க்கண்டவற்றுள் தவறான கூற்று எது" என்ற கேள்வியில் சரியான கூற்றைத் தேடிப் பிடித்து நிரப்பிவிட்டு வருவார்கள். 'தவறான', 'அல்ல', 'பொருந்தாத' என்ற சொற்களைப் பார்த்ததும் அடிக்கோடு போடும் பழக்கம் வந்தால் இந்தப் பத்தி பாதியாகும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஒரு தவறு சரியாக மாறினால் 4 அல்ல, 5 மதிப்பெண் கூடும். குறைந்த 1ம் திரும்பி வருகிறதல்லவா? 160 கேள்விகள் எழுதி 75 சரி, 85 தவறு என்றால் 300லிருந்து 85 போய் 215. அந்த 85ல் 25 கவனக்குறைவு என்று வைத்துக்கொள்வோம். அவற்றை மட்டும் சரிசெய்தால் 340. புதிதாக ஒரு பாடம்கூடப் படிக்காமல் கிடைக்கும் 125 மதிப்பெண் அது.

மாநிலப் பாடநூல் போதுமா, என்.சி.இ.ஆர்.டி. புத்தகமும் (மத்திய அரசின் பாடநூலும்) படிக்க வேண்டுமா?

நம்முடைய புதிய பாடநூல்கள் 2018ல் பதினொன்றாம் வகுப்புக்கும், 2019ல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் வந்தன. ஆழத்தில் அவற்றுக்குக் குறைவில்லை. ஆனால் உயிரியல் கேள்விகளில் என்.சி.இ.ஆர்.டி. வரிகள் கிட்டத்தட்ட அப்படியே வருகின்றன. அதனால் உயிரியலுக்கும் கனிம வேதியியலுக்கும் அந்தப் புத்தகத்தையும் வரி வரியாகப் படியுங்கள். இயற்பியலுக்கு நம் புத்தகமும் முந்தைய ஆண்டு வினாத்தாள்களும் போதும். புக் பேக் ஒன் மார்க் மட்டும் மனப்பாடம் செய்தால் எந்தப் புத்தகமும் போதாது.

2024 தேர்விலிருந்து நீட் பாடத்திட்டம் குறைக்கப்பட்டது. திடநிலை, புறப்பரப்பு வேதியியல் போன்றவை அதில் இல்லை. நம் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் அவை உண்டு, பொதுத்தேர்விலும் வரும். பொதுத்தேர்வு வரை படியுங்கள், ஏப்ரலில் அவற்றுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். கடையில் வாங்கும் பழைய மாதிரி வினாத்தாளில் அந்தப் பாடங்களின் கேள்விகள் இருக்கும். நாங்கள் அவற்றை நீக்கிவிட்டுத்தான் கொடுக்கிறோம்.

தமிழ் வழியில் படித்தவர்கள் தமிழில் எழுதலாமா?

தாராளமாக. தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் இரண்டும் இருக்கும். மொழியை விண்ணப்பிக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு மையத்தில் கேட்க முடியாது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் ஆங்கிலத்தில் உள்ளதே இறுதி. 2018ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கருணை மதிப்பெண்ணாக வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை அதே ஆண்டு ரத்து செய்துவிட்டது. தமிழில் படித்த பிள்ளைகள் பட்ட அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் இவ்வாண்டு எழுதப் போகிறவருக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுதான். மாதிரி வினாத்தாளை இருமொழியில் தயாரித்து, தமிழ் வரி குழப்பினால் உடனே ஆங்கில வரியைப் பார்க்கப் பழக்குகிறேன். ஒரு நூலில் 'திருப்பு விசை' என்பார்கள், இன்னொன்றில் 'முறுக்கு விசை' என்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் 'டார்க்' (torque)தான். இப்படி முந்நூறு கலைச்சொற்களைத் தமிழும் ஆங்கிலமுமாக ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். ஆங்கில இலக்கணம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

கால்குலேட்டர் இல்லாமல் இயற்பியல் கணக்கை ஒரு நிமிடத்தில் எப்படிப் போடுவது?

முதலில் விடைகளைப் பாருங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று தூரமாக இருந்தால் தோராயக் கணக்கு போதும். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்பதை 10 ஆகவும், பை (π) என்பதன் வர்க்கத்தை 10 ஆகவும் எடுத்துக்கொள்ளலாம். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொட 2 விநாடி என்று வாயிலேயே வந்துவிடும். அலகு பொருந்தாத விடையைக் கணக்கே போடாமல் ஒதுக்கலாம். ஒன்றரை நிமிடம் தாண்டியும் வழி தெரியவில்லை என்றால் குறி போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நகர முடியாமல் அதே கணக்கோடு மல்லுக்கட்டுவது நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் நோய். மாதிரித் தேர்வில்தான் அது குணமாகும்.

வாரத்துக்கு எத்தனை தேர்வு?

ஏப்ரலில் வாரம் இரண்டு. தினமும் எழுதுபவர்களுக்குப் பிழை பார்க்க நேரம் இருக்காது. கடைசித் தேர்வு, நிஜத் தேர்வுக்கு மூன்று நான்கு நாள் முன்பாக.

என் மகள் முதல் மாதிரித் தேர்வில் 180 மார்க்தான் எடுத்தாள். இனி வாய்ப்பு இருக்கிறதா, சார்? (ஒரு அம்மா கேட்டது)

அம்மா, முதலில் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தகுதி பெறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு. தகுதிக்குப் பொதுப் பிரிவில் 50 பெர்சென்டைல், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 பெர்சென்டைல். பெர்சென்டைல் என்பது சதவீதம் அல்ல. எழுதியவர்களில் எத்தனை பேரை முந்தியிருக்கிறாள் என்பதற்கான அளவு. 720ல் பாதி எடுக்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் மருத்துவ இடத்துக்கு அதைவிட நிறையவே எடுக்க வேண்டும்.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 2020ல் தமிழக அரசு கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு உரியவள். அதற்குத் தனித் தரவரிசைப் பட்டியல், அதில் தேவைப்படும் மதிப்பெண் பொதுப் பட்டியலைவிடக் குறைவு. எம்.பி.பி.எஸ். மட்டுமல்ல, பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி எல்லாவற்றுக்கும் இதே நீட் மதிப்பெண்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, பொறியியல் ஆகியவற்றின் மாநில இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. நீட்டை நினைத்துப் பொதுத்தேர்வைக் கோட்டைவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிளஸ் டூ மதிப்பெண் கையில் இருந்தால் கதவுகள் நிறையத் திறந்திருக்கும்.

முதல் மாதிரித் தேர்வின் 180ஐ வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அவளுடைய பிழை நோட்டை வாங்கிப் பாருங்கள். மூன்றாவது, நான்காவது பத்தி நீளமாக இருந்தால் மதிப்பெண் சீக்கிரம் ஏறும்.

பள்ளியில் எல்லோருடைய மார்க்கையும் ஏன் ஒட்டுவதில்லை? போட்டி இருந்தால்தானே படிப்பார்கள்?

ஒருமுறை பிரார்த்தனைக் கூட்டத்தில் மார்க்கைப் படித்தேன். மறுநாளிலிருந்து ஒரு மாணவி வரவில்லை. வீட்டுக்குப் போய் அவளையும் அவள் பாட்டியையும் பார்த்துப் பேசி அழைத்து வரப் பத்து நாள் ஆயிற்று. அன்றிலிருந்து மார்க்கை மடித்த தாளில் அவரவர் கையில்தான் கொடுக்கிறேன். அதில் போன தேர்வின் மார்க்கும் இந்தத் தேர்வின் மார்க்கும் மட்டும் இருக்கும், பக்கத்துப் பிள்ளையின் மார்க் இருக்காது.

பிள்ளை சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. என்ன செய்வது?

மாதிரித் தேர்வை நிறுத்துங்கள். ஒரு தேர்வு எழுதாவிட்டால் ஒன்றும் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து என்ன என்று கேளுங்கள், பதில் வராவிட்டாலும் எழுந்து போய்விடாதீர்கள். "எதற்கு உயிரோடு இருக்கணும்" என்ற தொனியில் ஒரு வார்த்தை வந்தாலும் அதைச் சும்மா சொல்கிறது என்று விட்டுவிடக் கூடாது. தனியாக விடாமல் அன்றே ஆளைத் தேடுங்கள். தமிழக அரசின் 104 எண்ணிலும், மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416லும் தமிழில் பேசும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கும் சொல்லுங்கள், எந்த நேரமானாலும் வீட்டுக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளியில் இப்படி நடத்த வசதி இல்லை. நாங்களே நடத்த முடியுமா?

முடியும். நண்பர்கள் நான்கு பேர், ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு மேசை போதும். வினாத்தாளுக்குத் தேசியத் தேர்வு முகமை வெளியிட்ட முந்தைய தாள்களே நல்லவை. ஓ.எம்.ஆர். மாதிரித் தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். திருத்துவதற்கு நாங்கள் செய்வது இதுதான். ஒரு வெற்று ஓ.எம்.ஆரைக் கெட்டியான அட்டையில் ஒட்டி, சரியான விடைகள் இருக்கும் இடத்தில் மட்டும் துளை போட்டுக்கொள்வோம். அதை எழுதிய தாளின் மேல் வைத்தால், துளை வழியாகக் கறுப்பாகத் தெரிபவை எல்லாம் சரி. நிரப்பிய மொத்தத்தில் அதைக் கழித்தால் தவறுகளின் எண்ணிக்கை. ஒரு தாளுக்கு ஐந்து நிமிடம் ஆகாது.

கைப்பேசிகளை மட்டும் அணைத்து, வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஐந்து மணிக்கு வாங்கிக்கொள்ளலாம்.